பிரிஜட்டின் வலது கால்

மருதப்பன் ஐந்தடியில் குப்புறக் கிடந்தார். கடைவீடுகளின் வாசலை ஒட்டி ஓடும் அந்தக் கூரை போட்ட நடைபாதையை ஐந்தடி என்றுதான் சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அதில் சைக்கிள் நிற்கும், கோழி மேயும், மசாலா அரைக்கிற அம்மி கிடக்கும். இன்றைக்கு மருதப்பன் கிடந்தார். பால் கேனைத் தூக்கிச் சைக்கிளில் மாட்டப் போன மனுஷனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பாதி குனிந்து அவர் நின்ற கோலத்தைப் பார்த்து அவருடைய மனைவி தங்கம் முதலில் சிரித்துவிட்டாள், பிறகு பயந்துபோனாள், பிறகு மாடிப்படிக்குக் கீழே போய் நின்று, "பிரிஜட்டு, கொஞ்சம் எறங்கி வாலா. இவரு மறுபடியும் மாட்டிக்கிட்டாரு" என்று குரல் கொடுத்தாள்.

பிரிஜட் இறங்கி வந்தாள். வரும்போதே சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். வாளித் தண்ணீரில் வலது காலை மட்டும் கழுவினாள். தங்கம் விரித்திருந்த சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். மருதப்பன் கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டப் பார்த்து, வலி தாங்காமல் விட்டுவிட்டார். அவள் உள்ளங்கையை அவர் முதுகில் வைத்து, இங்கேயா இங்கேயா என்று கீழே இறங்கிப் போய், அவர் மூச்சைப் பிடித்த இடத்தில் நிறுத்தினாள். அப்புறம் பேச்சுக் கொடுத்தாள். செவலை எப்போது ஈனும், போன ஈற்றுக் கன்று தேறிவிட்டதா, புல்லுக்கு எங்கே போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டாள். மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மருதப்பனுக்குப் பெண்டாட்டி பிள்ளையே மறந்துபோகும், இடுப்பு எம்மாத்திரம். பேசிக்கொண்டே போனார். குரல் தணிந்து, முதுகு இளகி, மூச்சு நீளமாக வர ஆரம்பித்தபோது பிரிஜட் எழுந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஈரக் காலை அந்த இடத்தில் வைத்தாள். மனசுக்குள் மாதாவுக்கான 'அருள் நிறைந்த' மந்திரம் ஒன்று சொல்லி முடியும்வரை அப்படியே வைத்திருந்தாள். பிறகு பெருவிரலால் கீழ்நோக்கி மூன்று முறை இழுத்துவிட்டு, "எந்திரிங்க. திரும்பிப் பாக்காம போங்க" என்றாள்.

மருதப்பன் எழுந்தார். முனகிக்கொண்டுதான் எழுந்தார், ஆனால் நேராக நின்றார். திரும்பிப் பார்க்காமல், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டும் கூடாது என்பது முறை. திரும்பிப் பார்த்தால் விட்டுப்போன பிடிப்பு கூடவே வந்துவிடுமாம்.

தலைக்குப் பதில் கால் முந்தி வெளியே வந்த பிள்ளைகள், பிடிப்பு உள்ள இடத்தில் கால் வைத்தால் பிடிப்பு விட்டுவிடும். இது தமிழர்களுக்குப் புதிதா என்ன? கப்பலேறி வந்தவர்கள் புளியையும் கருவாட்டையும் கட்டிக்கொண்டு வந்ததுபோல இந்த நம்பிக்கையையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் காலால் பிறந்தவர்கள் எல்லோருமா கப்பலேறுகிறார்கள்? அந்த வட்டாரத்துக்கே பிரிஜட் ஒருத்திதான். ஃபேரர் பார்க் மைதானத்தில் பந்து விளையாடிக் கால் பிசகியவர்கள் வருவார்கள். தேக்கா சந்தையில் மூட்டை தூக்கியவர்கள் வருவார்கள். பக்கத்துச் சந்தில் இடியப்பம் அவித்து விற்கும் ஆமினா பீவி மாதம் ஒருமுறையாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, "மவளே, ஒன் காலக் காட்டு" என்பார். பிரிஜட் என்ற பேர் வாயில் நுழையாதவர்களுக்கு அவள் கால்காரம்மா.

அவள் காலால் பிறந்தவள் என்று அவளுக்கே சொன்னவர் இயேசுதாசன். கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்து இறங்கிய வாரம் அவளைப் பார்க்க வந்த ஊர்க்காரர் அவர். கிடங்கு ஒன்றில் ஜாகா வேலை, காவல் காப்பது. வாலிபத்தில் ஊரை விட்டு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. "யாரு, சூசை மவ பிரிஜட்டா? காலால பொறந்த புள்ளையில்லா நீ! நான் கப்பலேறுத சமயத்துல ஊரே அந்தப் பேச்சாத்தானே கெடந்துது" என்றார். அங்கே அவள் புருஷன் சவரிராஜின் சிநேகிதன் ஒருவன் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தான். விடுவார்களா? புதுப்பெண்ணை எழுப்பி நிறுத்தி, அவனைப் படுக்க வைத்துவிட்டார்கள். ஓர் ஆண்பிள்ளையின் கழுத்தில் கால் வைக்க வேண்டுமே என்று கூசி, கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். அவன் எழுந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

இயேசுதாசன் சொன்னதை அவள் ஏன் அப்படி இறுகப் பிடித்துக்கொண்டாள் என்பதற்குக் காரணம் உண்டு. அவளுடைய அம்மா அவளுக்கு நடை பழகும் வயசிலேயே செத்துப்போனாள். அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போனவர் போனவர்தான். வளர்த்த அத்தைக்கும் அம்மா வீட்டுக்கும் ஏதோ சண்டை, அதனால் அந்த வீட்டில் அம்மாவின் பேரையே எடுக்க மாட்டார்கள். அம்மாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. இப்போது ஒன்று கிடைத்தது. நான் காலால் பிறந்தேன், அம்மா என்னைப் பெறுவதற்குப் பெரிய பாடு பட்டிருக்கிறாள். அடுப்படியில் தனியாக இருக்கும்போது அந்தப் பேறுகாலத்தை அவளே நினைத்து நினைத்து உண்டாக்கிக்கொண்டாள். யார் கூட இருந்தார்கள், எத்தனை விளக்கு எரிந்தது, முதலில் வெளியே வந்த பாதத்தை அம்மா தொட்டாளா. யாருடைய முதுகில் கால் வைத்தாலும் அம்மா தொட்ட கால் என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இதெல்லாம் படிக்குக் கீழேதான். படிக்கு மேலே அல்போன்சம்மாளின் ராஜ்ஜியம். அவள் சவரிராஜின் அக்கா, பிரிஜட்டுக்கு மதினி. ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு, தம்பியை மரவள்ளிக்கிழங்கு கொடுத்துக் காப்பாற்றிய பெண்பிள்ளை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் அட்டெண்டன்ட். படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்களைக் குளிப்பாட்டுவது, முதுகு புண்ணாகாமல் திருப்பிப் போடுவது, விரிப்பு மாற்றுவது எல்லாம் அவள் வேலை. சவரிராஜ் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி வருவான். ஆகையால் அந்த மாடி அறையில் ஐந்து நாளும் இரண்டு பெண்களும்தான். அல்போன்சம்மாள் கெட்டவள் இல்லை. மீன் வாங்கினால் தலையைப் பிரிஜட்டுக்குத்தான் வைப்பாள். இந்தக் கால் விஷயம் ஒன்று மட்டும் அவளுக்கு ஆகாது. "இது பில்லி சூனியத்துக்குத் தங்கச்சி. நீ கீழ என்ன வேணா செய். இந்தப் படிக்கு மேல அது வரக்கூடாது" என்று முதல் மாதமே சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை, லூர்து மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டுபோய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வைத்தாள். வயசான சாமியார், காசு வாங்குகிறாயா என்று கேட்டார். இல்லை சாமி என்றாள். ஏதாவது மந்திரம் சொல்கிறாயா என்று கேட்டார். அருள் நிறைந்த மந்திரம் சொல்கிறேன் சாமி என்றாள். கடைசியில், மூன்று அருள் நிறைந்த மந்திரம் அபராதமாகச் சொல்லச் சொன்னார். தங்கம் இதைக் கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு பிரிஜட்டின் பெரியம்மா மிக்கேலம்மாள் கப்பலில் வந்து சேர்ந்தாள். அவளுடைய மகனுக்குச் சாங்கியில் பட்டாளத்து முகாமில் சமையல் வேலை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பெரியம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாள் பிரிஜட். சவரிராஜ் மைதானத்துக்குப் பந்து பார்க்கப் போய்விட்டான். அல்போன்சம்மாளுக்கு டூட்டி. அம்மாவின் கூடப்பிறந்தவள், அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பிரிஜட் நினைத்துக்கொண்ட மூக்கோடு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். பிரிஜட் குழம்பை ஊற்றிக்கொண்டே, எத்தனையோ வருஷமாய் வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். என்னைப் பெறும்போது அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாளா, பெரியம்மா?

"உன்னையா?" மிக்கேலம்மாள் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "நீ வழுக்கிட்டுல்லா வந்த. மருத்துவச்சி வாசல்ல செருப்பக் கழத்துததுக்குள்ள நீ வெளிய வந்தாச்சி."

காலால் வந்தேன் என்றார்களே என்று பிரிஜட் கேட்டாள்.

"ஏட்டி, அது நீ இல்ல. உனக்கு முந்துனவ. அவளுக்கும் பிரிஜட்டுன்னுதான் பேரு. ரெண்டு ராத்திரி ஒரு பகலு, உங்கம்மயக் கொன்னு எடுத்துட்டா. அவ்வளவு பாடுபட்டுப் பெத்தும் அது தங்கல. ஒரு வருசம் கூட இல்ல, காய்ச்சல்ல போயிட்டு. நீ பொறந்ததும் அந்தப் பேரையே வைக்கணும்னு உங்கம்ம ஒத்தக்கால்ல நின்னா. பேர விட அவளுக்கு மனசு வரல." பெரியம்மா சோற்றைப் பிசைந்தாள். "குழம்புல இன்னும் ரவ்வோண்டு புளி விட்டிருக்கலாம்."

பெரியம்மாவை மகன் வந்து கூட்டிப் போகும்வரை பிரிஜட் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பாத்திரம் கழுவும்போதுதான் கணக்கு நேரானது. இயேசுதாசன் ஊரை விட்டது முதல் பிரிஜட் பிறந்த சமயம். அவள் செத்ததும் அவருக்குத் தெரியாது, அந்தப் பேரில் இன்னொருத்தி பிறந்ததும் தெரியாது. சூசை மகள் பிரிஜட் என்றதும் அவருக்குத் தெரிந்த பிரிஜட்டைத்தான் அவர் பார்த்தார். அவரும் இப்போது இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். யாரைப் போய்க் கேட்பது? பிரிஜட்டுக்கு முதலில் வந்தது வெட்கம். அப்புறம் வந்ததுதான் தாங்க முடியவில்லை. அம்மா தொட்ட கால் வேறொரு பிள்ளையுடைய கால். நினைத்து நினைத்து உண்டாக்கிய அந்த விளக்கு, அந்த வலி, எல்லாமே அந்தப் பிள்ளையுடையவை. முகம் தெரியாமல் செத்துப்போன அக்காவின் மேல் அவளுக்குப் பொறாமை வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பொறாமையை நினைத்தே அழுகை வந்தது. பானையைக் கவிழ்த்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு யோசனை ஓடியது. அப்படியானால் மருதப்பனுக்கு எப்படிப் போனது? ஆமினா பீவிக்கு? யோசித்துப் பார்த்தால் போகாதவர்களும் இருந்தார்கள். கிளைவ் ஸ்திரீட்டில் தைக்கிற ஜரீனாவுக்கு மூன்று தடவை கால் வைத்தும் போகவில்லை. அவள் திரும்பிப் பார்த்திருப்பாள் என்று தங்கமும் தானும் சேர்ந்து பழியைத் தூக்கி அவள்மேல் போட்டது ஞாபகம் வந்தது. இத்தனை பேர் முதுகில் கால் வைத்திருக்கிறோமே, வயசில் பெரியவர்கள், மரியாதைப்பட்டவர்கள், என்ன உரிமையில் வைத்தோம் என்று நினைத்ததும் உடம்பு கூசியது.

மறுநாள் வலது பெருவிரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். நகம் பெயர்ந்துவிட்டது, காலை வைக்க முடியாது என்று சொல்லி வந்தவர்களை அனுப்பினாள். ஒரு வாரம் போயிற்று, பத்து நாள் போயிற்று, துணி அவிழவில்லை. ஆமினா பீவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, துணியைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை மவளே என்று சொல்லி, படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கூனிக்கொண்டே திரும்பிப் போனார். பிரிஜட் மாடி ஜன்னலிலிருந்து அவர் சந்து திரும்பும்வரை பார்த்தாள். தங்கம் மட்டும் துணியை உற்றுப் பார்த்து, "இந்தப் புண்ணு எந்தக் கடையில வாங்குனது? ஆறவே மாட்டேங்குதே" என்று கேட்டாள். பிரிஜட் சிரித்து மழுப்பினாள். தங்கத்துக்குத் தெரிந்தால் சந்தைக்கே தெரியும். தெரிந்துவிட்டால் அவள் சவரிராஜ் பெண்டாட்டி, அல்போன்சம்மாள் வீட்டில் சமைக்கிறவள், அவ்வளவுதான். அது அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அல்போன்சம்மாளை ட்ரைஷா வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வார்டில் கனத்த ஒரு நோயாளியைத் திருப்பிப் போடப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை நின்று, மேலே ஏற்றினார்கள். டாக்டர் ஊசி போட்டிருந்தார், மாத்திரை கொடுத்திருந்தார், மெத்தையில் படுக்காதே, பலகையில் படு என்று சொல்லியிருந்தார். தரைதான் பலகையாயிற்றே, அங்கேயே பாயை விரித்துப் படுக்க வைத்தார்கள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. தைலம் தேய்த்ததில் அறை முழுக்க நெடி அடித்தது, பலன் இல்லை. இருமினால் வலி, தும்மினால் வலி. திங்கட்கிழமைக்குள் எழுந்து நடக்காவிட்டால் வார்டில் சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வார்டில் சேர்ப்பது என்றதும் அல்போன்சம்மாளின் முகம் போன போக்கைப் பிரிஜட் பார்த்தாள். எத்தனையோ பேரைத் திருப்பிப் போட்டவள், தன்னை ஒருவர் திருப்பிப் போடுவதை நினைத்துப் பயந்தாள். அங்கே ஒரு அட்டெண்டன்டுக்கு எத்தனை கட்டில் என்பது அவளுக்குத் தெரியாதா? யார் எப்போது கூப்பிட்டால் யார் எப்போது வருவார்கள் என்பது தெரியாதா? வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பிரிஜட் பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம், "திங்கக்கிழமைக்கு இன்னும் நாளிருக்குல்ல" என்று கேட்டாள்.

பிரிஜட்தான் எல்லாம் பார்த்தாள். ஒரு கையைத் தோளுக்குக் கீழே கொடு, ஒரு கையை இடுப்புக்குக் கீழே கொடு, இழுக்காதே, உருட்டு என்று அல்போன்சம்மாள் படுத்துக்கொண்டே சொல்லிக் கொடுக்க, அவள் திருப்பிப் படுக்க வைத்தாள். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிட்டாள். மலசலத்துக்குப் பேசின் வைத்து எடுத்தாள். முதல் தடவை அதை எடுத்துக்கொண்டு போகும்போது அல்போன்சம்மாள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். பிரிஜட் பார்க்காதவள் மாதிரி போய்விட்டாள். தலையைச் சீவிப் பின்னிவிட்டாள். அந்தத் தலையில் இவ்வளவு நரை இருப்பது அதுவரை அவளுக்குத் தெரியாது, கொண்டை போட்டு வலை மாட்டியே பார்த்திருக்கிறாள்.

தங்கம் கஞ்சி கொண்டுவந்தவள் வாசல்படியிலேயே நின்று, வைத்தியரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊசிக்கு அலைகிறார்களே என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அல்போன்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிரிஜட் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். சனிக்கிழமை சவரிராஜ் வந்து, அக்கா கிடக்கிற கிடப்பைப் பார்த்துக் கலங்கிப்போய், ஒரு தடவை வைக்கட்டுமே அக்கா என்று கெஞ்சினான். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவன் பிரிஜட்டைத் தனியே கூப்பிட்டு, விரல் ஆறிவிட்டதா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றாள். கட்டின புருஷனிடமே பொய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சவரிராஜ் மறுநாளைக்குக் கார் பேசி வைக்கப் போயிருந்தான். கீழே காப்பிக் கடை ரெடிஃபியூஷன் ரேடியோப் பெட்டியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிரிஜட் ஜன்னலோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குப்புறப் படுத்திருந்த அல்போன்சம்மாள் வெகுநேரம் அசையவில்லை. தூங்குகிறாள் என்றுதான் பிரிஜட் நினைத்தாள்.

"பிரிஜட்டு."

"என்ன மதினி?"

"உன் காலை வை."

பிரிஜட்டின் கை முறத்திலேயே நின்றுவிட்டது.

"பாவம்னுதான் சொன்னேன். இப்பவும் பாவம்னுதான் சொல்றேன்" என்றாள் அல்போன்சம்மாள். முகம் பாயில் அழுந்தியிருந்ததால் குரல் கீழேயிருந்து வந்தது. "அந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும். சாமியார்கிட்ட நானே சொல்லிக்கிறேன். என்னால அங்க போய்ப் படுக்க முடியாது. வை."

பேசாமல் வைத்திருக்கலாம். இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்த வார்த்தை வந்திருந்தால் பிரிஜட்டுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இருந்திருக்காது. படிக்கு மேலே அவள் கால் ஏறியிருக்கும். ஆனால் இப்போது அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் ஒரு நாள் பூசை தவறாதவள், பாவம் என்று தெரிந்தே ஒன்றைச் செய்யத் துணிந்துவிட்டாள். எதற்காக? ஒன்றுமில்லாத ஒரு காலுக்காக. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அதுதான் பாவம் என்று பிரிஜட்டுக்குப் பட்டது. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொல்லிவிட்டாள். பெரியம்மா வந்தது, முதல் பிரிஜட், இயேசுதாசன் செய்த தப்பு, விரலில் சுற்றிய துணி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா தொட்ட கால் என்று தான் நினைத்திருந்ததையும் சொன்னாள். "என் கால்ல ஒண்ணும் இல்ல மதினி. நான் எல்லாரையும் போலத்தான் பொறந்தேன்."

பிரிஜட் திட்டுக்காகக் காத்திருந்தாள். திட்டினால் கூடத் தேவலாம்போல் இருந்தது.

"நீ வச்சவங்களுக்கெல்லாம் போச்சா?"

"செலருக்குப் போச்சு. செலருக்குப் போகல."

"ஊசியும் அப்படித்தான்." அல்போன்சம்மாள் தலையைப் பக்கவாட்டில் திருப்பினாள். "அப்ப இதுல மந்திரம் இல்ல."

"இல்ல மதினி."

"மந்திரம் இல்லன்னா பாவமும் இல்லலா." அல்போன்சம்மாள் கையை மெல்ல நகர்த்தித் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். "வை."

"வெறுங்காலு மதினி."

"வெறுங்காலத்தான் வைக்கச் சொல்றேன். எனக்கு வலிக்குது, பிரிஜட்டு."

பிரிஜட் எழுந்தாள். விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தாள். இரண்டு வாரமாய்க் காற்றுப் படாத விரல் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. வாளியில் தண்ணீர் எடுத்துக் காலைக் கழுவினாள். திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால், அந்தப் பலகைத் தரையில், காலைக் கழுவிக்கொண்டு நிற்பது அவளுக்கு விநோதமாக இருந்தது. பழைய தைரியம் எதுவும் இல்லை. முதல் தடவை புதுப்பெண்ணாய் நின்றதுபோலவே இருந்தது. உட்கார்ந்து, உள்ளங்கையை மதினியின் முதுகில் வைத்தாள். இங்கேயா, இங்கேயா என்று இறங்கினாள். முதுகெலும்பு கையில் ஒவ்வொன்றாய்த் தட்டுப்பட்டது. ஊருக்கெல்லாம் பெரிய மனுஷியாய்த் தெரிகிறவளுக்கு இவ்வளவு சின்ன முதுகா என்று நினைத்தாள். ஓரிடத்தில் அல்போன்சம்மாள் மூச்சைப் பிடித்தாள். கை நின்றது.

இனி பேச்சுக் கொடுக்க வேண்டும். மருதப்பனிடம் மாட்டைப் பற்றிப் பேசலாம். மதினியிடம் என்ன பேசுவது? ஒரே அறையில் இத்தனை வருஷம் இருந்தும், உலைக்கு எவ்வளவு அரிசி, எந்தப் பூசைக்குப் போவது என்பதைத் தவிர வேறு ஒன்றும் பேசினதில்லை. யோசித்துவிட்டு, வார்டில் யாரைத் திருப்பப் போனபோது பிடித்துக்கொண்டது என்று கேட்டாள்.

அல்போன்சம்மாள் விட்டுவிட்டுச் சொன்னாள். ஜன்னலோரக் கட்டில் சீனத்தி. நல்ல கனம். பக்கவாதம், பேச்சு போய்விட்டது, பேசினாலும் இவளுக்குப் புரியாத பாஷை. பார்க்க யாரும் வருவதில்லை. சாயங்காலமானால் மிரண்டு மிரண்டு பார்ப்பாள். டூட்டி முடிந்து கிளம்பும்போது இவள் போய் அவளுடைய பாதத்தைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பாள். பிடித்துவிடுவதில்லை, அழுத்துவதில்லை, வெறுமனே பிடித்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் சீனத்தி தூங்கிவிடுவாள். "ஏன் தூங்குறான்னு எனக்குத் தெரியல. இப்ப யாரு போய்ப் பிடிக்கிறாங்களோ, தெரியல" என்றாள். அதற்கப்புறமும் அவளைப் பற்றி ஏதோ சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தணிந்தது, வார்த்தைகளுக்கு இடையே தூரம் கூடியது. கைக்குக் கீழே முதுகு கொஞ்சம் கொஞ்சமாய் இறங்குவது பிரிஜட்டுக்குத் தெரிந்தது. இதற்கு முன் ஒருபோதும் அதைக் கவனித்ததில்லை. காலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கை செய்தது எங்கே தெரிந்தது?

எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலை அந்த இடத்தில் வைத்தாள். இடுப்புச் சேலையில் ஈரம் ஊறியது. மனசுக்குள் அருள் நிறைந்த மந்திரத்தை ஆரம்பித்தாள். சொல்லலாமா கூடாதா என்று ஒரு கணம் தயங்கி, பிறகு சொன்னாள். கடைசியில் வழக்கமில்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். என் பேருக்கு முதல் சொந்தக்காரி, ஓரடி கூட நடக்காத உன் காலையும் இதோடு கொஞ்சம் சேர்த்து வை என்று அக்காவிடம் சொன்னாள்.

இனி மூன்று முறை இழுத்துவிட வேண்டும். விரலை அசைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அல்போன்சம்மாளிடமிருந்து மெல்லிய குறட்டை வந்தது. வலியில் நாலு நாளாய்க் கண் மூடாதவள். வாய் லேசாய்த் திறந்து, கன்னம் பாயில் அழுந்தி, சின்னப் பிள்ளை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். பிடிப்பு விட்டதா, விடவில்லையா, அது அவள் எழுந்தால்தான் தெரியும்.

காலை எடுத்தால் விழித்துவிடுவாளோ என்று பிரிஜட்டுக்குப் பயம். எடுக்கவில்லை. கீழே மாடிப்படியில் தங்கத்தின் குரல் கேட்டது. "பிரிஜட்டு, ஆமினா பீவி வந்திருக்காங்க. ஒன் விரலு ஆறிடுச்சான்னு கேக்குறாங்க." பதில் சொன்னால் மதினி எழுந்துவிடுவாள். சொல்லாவிட்டால் தங்கம் படியேறி வந்துவிடுவாள். ஜன்னல் வழியே பார்த்தால் ஐந்தடித் தூணோரம் ஆமினா பீவியின் முக்காடு தெரிந்தது. அவர் போகவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து நின்றார். பிரிஜட் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு இடது காலில் நின்றாள். வலது பாதத்துக்குக் கீழே அந்த முதுகு மெல்ல ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.